சேற்றின் கடைசிப் பந்தி

நடவு முடிந்து சில வாரம் ஆன வயலில் இறங்கி நடந்தால், கால் பதியும் இடத்தில் சேற்றிலிருந்து குமிழ்கள் கிளம்பும். களையெடுக்க இறங்கிய ஒவ்வொருவரும் பார்த்திருப்பது இது. மேலே வந்து உடையும் அந்தக் குமிழில் கணிசமான பங்கு மீத்தேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது, தீயைக் காட்டினால் எரியும். சாண எரிவாயுக் கலனிலிருந்து அடுப்புக்கு வருவதிலும் எரிவது இதுவே. இதைச் செய்தது நெற்பயிர் இல்லை. காற்றுப் படாத இருட்டில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்க்கூட்டம் செய்து அனுப்பியது.

பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போது அனல்மின் நிலையமும் வாகனப் புகையும் நம் நினைவுக்கு வருகின்றன. அடிப்படைக் காரணம் நிலக்கரியும் எண்ணெயும்தான், அதில் ஐயமில்லை. ஆனால் வளிமண்டலத்தின் அன்றாட வரவு செலவைக் கையில் வைத்திருப்பவை நுண்ணுயிர்கள். உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் சிதைத்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகின்றன. கடலில் மிதந்தபடி அதே வாயுவை உள்ளே இழுக்கின்றன. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலின் நுண்ணிய மிதவை உயிர்களால் நடக்கிறது. மீத்தேனை ஆக்குபவை அவை, அதை உண்டு தீர்ப்பவையும் அவை. 2019-ல் ரிக்கார்டோ கவிக்கியோலி தலைமையில் 30-க்கும் மேற்பட்ட நுண்ணுயிரியலாளர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். நுண்ணுயிர்களைக் கணக்கில் எடுக்காத எந்தக் காலநிலைத் திட்டமும் அரைகுறையானது என்பது அதன் சாரம்.

அந்த எச்சரிக்கையின் பொருளை முழுதாக விளங்கிக்கொள்ள நெல்வயலின் சேறு ஒன்றே போதும். நம் அரிசி அங்கிருந்து வருகிறது. நம் கை நேரடியாக எட்டும் இடமும் அதுதான்.

ஏரிக்கரையில் கிடைத்த வாயு

1776 நவம்பரில் இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரையில் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா ஒரு கோலால் அடிச்சேற்றைக் கிளறினார். கிளம்பிய குமிழ்களைப் பாத்திரத்தில் பிடித்துத் தீ வைத்தார். எரிந்தது. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெறப்போகிற அதே வோல்ட்டா. மக்கும் செடிகொடிகளுக்கும் இந்த வாயுவுக்கும் தொடர்பு இருப்பதை அவர் ஊகித்தார். யார் இதைச் செய்கிறார்கள் என்பது தெரிய இன்னும் பல தலைமுறைகள் பிடித்தன.

மீத்தேனாக்கிகள் என்று நாம் அழைக்கக்கூடிய அந்த உயிர்களை மெத்தனோஜென்கள் என்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவைப் போலவே இருக்கும். அதனால் நெடுங்காலம் அவற்றை பாக்டீரியா வகையிலேயே சேர்த்திருந்தார்கள். 1977-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை மற்ற உயிர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். பாக்டீரியாவுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவே இல்லை என்று தெரியவந்தது. உயிர்களின் மூன்றாவது பெரும் கிளை அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆர்க்கியா என்று இன்று பாடநூல்களில் இருக்கும் அந்தக் கிளைக்கு முதல் சாட்சியாக நின்றவை, சதுப்பிலும் மாட்டு வயிற்றிலும் மீத்தேன் செய்துகொண்டிருந்த இந்த உயிர்கள்.

முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவை பூமியில் இருந்துவருவதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் சேரும் முன்பே பிறந்த குடும்பம் இது. நீலப்பச்சை பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கை செய்து காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கிய பிறகு, இவை சேற்றின் அடிக்கும் விலங்குகளின் குடலுக்கும் ஒதுங்கிக்கொண்டன. மீத்தேன் உருவாகும் கடைசி வேதிவினையைச் செய்யும் நொதி இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒன்றே. அதன் நடுவில் ஒரு நிக்கல் அணு உட்கார்ந்திருக்கிறது. ஆர்க்டிக் சதுப்பானாலும், பசுவின் இரைப்பையானாலும், தஞ்சாவூர் வயலானாலும் கடைசி வினை அந்த நிக்கல் அணுவின் அருகில்தான் நடக்கிறது.

பந்தி வரிசை

வயலுக்குத் தண்ணீர் கட்டியவுடன் சேற்றுக்குள் என்ன நடக்கிறது? நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணில் ஏற்கெனவே இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் சுவாசித்துத் தீர்த்துவிடும். மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் மட்டுமே புதிதாக ஆக்சிஜன் கிடைக்கும். அதற்குக் கீழே காற்றில்லா உலகம் தொடங்குகிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால் உயிர்கள் ஓய்வதில்லை. சுவாசிக்க வேறு பொருளைத் தேடுகின்றன. இதைக் கல்யாண வீட்டுப் பந்தியாக நினைத்துப் பார்க்கலாம். இலையில் விழும் உணவு ஒன்றே: மக்கும் வேர், வைக்கோல், தழையுரம். முதல் பந்தியில் ஆக்சிஜனைச் சுவாசிப்பவை உட்காருகின்றன. அவர்கள் எழுந்ததும் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை. அடுத்து மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அதற்கும் பின் சல்பேட். ஒவ்வொரு பந்தியிலும் கிடைக்கும் ஆற்றல் முந்தையதைவிடக் குறைவு. முன்பந்திக்காரர்கள் இருக்கும்வரை பின்னால் நிற்பவர்களுக்கு ஹைட்ரஜனும் அசிட்டேட்டும் மிஞ்சாது. எல்லோரும் எழுந்துபோன பிறகு, சுவாசிக்க எதுவும் மிச்சமில்லாத நிலையில், கடைசிப் பந்தியில் உட்காருபவை மெத்தனோஜென்கள். அவை ஹைட்ரஜனைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை மீத்தேனாக மாற்றுகின்றன. அல்லது அசிட்டேட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மீத்தேனாகவும் மறு பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் விடுகின்றன.

கடல்நீரில் சல்பேட் மிகுதி. அதனால் கடலோர உவர் சேற்றில் சல்பேட் பந்தி முடிவதே இல்லை. கடைசிப் பந்திக்கு வாய்ப்பு குறைவு. நன்னீர்ச் சதுப்பிலும் நெல்வயலிலும் சல்பேட் சொற்பம். தொடர்ந்து நீர் நின்றால், பெரும்பாலும் சில வாரங்களுக்குள் பந்தி கடைசிவரை வந்துவிடும். களையெடுப்பவர் காலடியில் குமிழ் வருவது அதற்குப் பிறகுதான்.

குமிழாக வருவது ஒரு பகுதியே. மீத்தேனின் பெரும்பங்கு நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. நீரில் நிற்கும் வேருக்கு மூச்சு வேண்டும் என்பதற்காக நெல் தன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்களை வைத்திருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் அந்தக் குழல் வழியே இறங்குகிறது. கீழிருந்து மீத்தேன் அதே வழியில் ஏறி வானுக்குப் போகிறது. பயிர் பிழைக்க அமைந்த வழியே வாயுவுக்கும் வழியாகிவிட்டது.

ஆனால் வேரிலிருந்து கசியும் அந்தச் சிறிதளவு ஆக்சிஜனை நம்பி வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. அவை மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள். 1906-ல் நெதர்லாந்தின் சோங்கன் இவற்றைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். மீத்தேன் மூலக்கூறு எளிதில் உடையாதது. ஆய்வகத்தில் அதை வினைபுரியச் செய்ய மிகுந்த சூடு தேவை. இந்த பாக்டீரியாக்களோ செம்பு அணுக்களைக் கொண்ட ஒரு நொதியின் துணையால் சாதாரண வெப்பத்திலேயே அதைச் செய்கின்றன. சேற்றில் பிறக்கும் மீத்தேனில் கணிசமான பங்கை வேர்ப்பகுதியிலும் மண்ணின் மேற்பரப்பிலும் இவை உண்டு தீர்த்துவிடுகின்றன. வயலிலிருந்து வானுக்குப் போவது, ஆக்கும் கூட்டத்துக்கும் அழிக்கும் கூட்டத்துக்கும் நடக்கும் போட்டியில் மிஞ்சியது மட்டுமே.

ஒரே விடை எல்லா வயலுக்கும் பொருந்தாது

இந்தப் போட்டி ஊருக்கு ஊர் மாறும் என்பதை இந்தியா ஒரு முறை உலகுக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளிவிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவீடுகளை நம் பரப்பளவால் பெருக்கிக் கிடைத்த எண் அது. காலநிலைப் பேச்சுவார்த்தைகள் தொடங்கும் நேரத்தில் இப்படி ஓர் எண் நம் உழவர்களின் தலையில் ஏறிக்கொண்டது.

புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்த, 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் வயல்களின் மேல் பெட்டிகளைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். கிடைத்த விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன். முந்தைய மதிப்பீட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. காரணம் எளிது. நம் வயல்களில் பெரும்பகுதி மானாவாரியாகவோ இடையிடையே காய்ந்தோ கிடப்பவை. மண்ணில் மக்குப்பொருளும் குறைவு. கடைசிப் பந்தி தொடங்குவதற்குள் பல இடங்களில் நீர் வடிந்துவிடுகிறது. பரப்பளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சேற்றுக்குள் இருக்கும் உயிர்களின் நிலைமையைக் கேட்கவில்லை.

அதற்காக நெல்வயலைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட முடியாது. மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் உலக அளவில் ஏறத்தாழ 8 சதவீதம் நெல்வயல்களிலிருந்து வருகிறது. அதே எடை கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால், 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் சுமார் 80 மடங்கு சூடேற்றும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிப் பங்குக்கு ஏறத்தாழ 720 பங்காக இருந்தது இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. இதுவரை பூமி சூடான அளவில் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸுக்கு மீத்தேன் பொறுப்பு. ஆனால் காற்றில் அதன் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே. இன்று குறைத்தால் அதன் பலனை நம் வாழ்நாளிலேயே பார்க்கலாம்.

சூடு ஏறும்போது சேறு என்ன செய்யும்?

இதுவரை சொன்னது நுண்ணுயிர்கள் காலநிலையை மாற்றும் கதை. காலநிலை நுண்ணுயிர்களை மாற்றும் கதை இதன் மறுபாதி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகக்கூடியவை என்பதுதான் கவலை.

மெத்தனோஜென்களுக்குச் சூடு பிடிக்கும். ஆய்வகக் குடுவையில் வளர்க்கும் தனி இனம் முதல் திறந்தவெளிச் சதுப்பு வரை எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வெப்பநிலை 0 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தால் மீத்தேன் வெளியேற்றம் 57 மடங்காகிறது என்று அது கணித்தது. ஒளிச்சேர்க்கையும் சாதாரண சுவாசமும் சூட்டுக்கு இந்த அளவு துள்ளுவதில்லை. அதாவது, சூடு ஏற ஏற, ஈர நிலத்திலிருந்து வெளிவரும் கார்பனில் மீத்தேனின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இதைக் கண்முன் காட்டும் இடம் ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அபிஸ்கோ என்ற ஊரின் பக்கத்தில் உள்ளது. ஸ்டோர்டாலன் என்ற சதுப்பு அது. அங்கு நிலத்தடி மண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மக்காத தாவரப் பொருள் அந்த உறைபனிக்குள் அடைபட்டிருக்கிறது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள இத்தகைய உறைநிலங்கள் அனைத்திலும் சேர்த்து 1,40,000 கோடி டன்னுக்கும் மேலான கார்பன் இருக்கிறது. இது வளிமண்டலத்தில் இப்போது இருப்பதைப் போல ஏறத்தாழ இருமடங்கு.

அபிஸ்கோவில் 1913 முதல் வானிலைப் பதிவுகள் இருக்கின்றன. ஆண்டுச் சராசரி வெப்பநிலை அங்கே பல ஆண்டுகளில் உறைநிலையைத் தாண்டிவிட்டது. உறைந்த மேடுகள் உருகி அமிழ்கின்றன. காய்ந்த மேட்டில் மீத்தேன் ஏறக்குறைய இல்லை. மேடு பாதி அமிழ்ந்து நீர்ப்பாசி படர்ந்த இடத்தில் மீத்தேன் தொடங்குகிறது. முழுதும் உருகி நீர் தேங்கிக் கோரை வளர்ந்த இடத்தில் பெருகுகிறது. சில நூறு மீட்டர் நடந்தாலே ஒரு நிலத்தின் நேற்று, இன்று, நாளை மூன்றையும் அருகருகே பார்த்துவிடலாம்.

அந்தச் சேற்றிலிருந்து மரபணுக்களை மொத்தமாக எடுத்துப் படித்த ஆய்வாளர்கள், அதுவரை யாரும் வளர்த்துப் பார்க்காத ஒரு மெத்தனோஜெனின் மரபணுத் தொகுதியை 2014-ல் ஒன்றுசேர்த்தார்கள். அதற்கு மெத்தனோஃப்ளோரன்ஸ் ஸ்டோர்டாலன்மிரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். பாதி உருகிய இடத்தில் அதுவே பெரும்பான்மை. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு வியப்பூட்டியது. இந்த ஒற்றை உயிரின் எண்ணிக்கை எவ்வளவு என்று தெரிந்தால், அங்கு வெளிவரும் மீத்தேனின் கார்பன் ஐசோடோப் விகிதம் எப்படி மாறும் என்று கணிக்க முடிந்தது. பரந்த சதுப்பு ஒன்றின் மூச்சை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இனத்தைக் கொண்டு கணிக்கலாம் என்றால், காலநிலைக் கணக்கில் அந்த இனத்துக்கு இடம் இருந்தே ஆக வேண்டும். 2018-ல் அதே சதுப்பிலிருந்து 1,529 நுண்ணுயிர் மரபணுத் தொகுதிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் மிகப் பல அறிவியலுக்குப் புதியவை.

இந்த ஆர்க்டிக் உயிருக்கும் நெல்லுக்கும் ஓர் உறவு உண்டு. அதன் குலத்துக்கு ஆய்வாளர்கள் முதலில் வைத்திருந்த பெயர் 'நெல் குழு இரண்டு'. இந்தக் குலம் முதலில் அடையாளம் காணப்பட்டது நெல்லின் வேரில். வெப்பமண்டல வயலிலும் உருகும் பனிச்சதுப்பிலும் ஒரே குலத்தின் உறவினர்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

காய்ந்த காட்டு மண்ணிலும் நுண்ணுயிர்கள் சும்மா இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் காட்டில் 1991 முதல் மண்ணுக்கடியில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி சூடாக வைத்திருக்கிறார்கள். ஜெரி மெலில்லோவும் உடனிருந்தவர்களும் 26 ஆண்டுகளின் பதிவுகளை 2017-ல் வெளியிட்டார்கள். முதல் பத்தாண்டு மண் ஏராளமான கார்பனை வெளிவிட்டது. பிறகு சில ஆண்டுகள் அடங்கியது. எளிதில் செரிக்கும் பொருள் தீர்ந்துவிட்டது, இனி இழப்பு இருக்காது என்று எண்ணத் தோன்றும் காலம் அது. ஆனால் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நுண்ணுயிர்க் கூட்டத்தின் சேர்க்கையே மாறி, கடினமான லிக்னினைச் சிதைக்கும் திறன் கூடியிருந்தது. மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கார்பனில் 17 சதவீதம் போய்விட்டது. சூட்டுக்கு ஏற்ப வேகம் கூட்டுவதோடு நுண்ணுயிர்கள் நிற்பதில்லை. யார் யார் இருப்பது என்ற பட்டியலையே மாற்றிக்கொள்கின்றன.

இந்த மறுபாதிக் கதை ஏற்கெனவே காற்றில் பதிவாகத் தொடங்கிவிட்டது என்று எண்ண இடமுண்டு. நுண்ணுயிர்கள் மீத்தேன் செய்யும்போது எடை குறைந்த கார்பன்-12-ஐயே விரும்பி எடுக்கின்றன. அதனால் அவை செய்த மீத்தேனில், எரிவாயுக் கிணற்றிலிருந்து வருவதைவிட கார்பன்-13 குறைவு. இருநூறு ஆண்டுகளாகக் காற்றின் மீத்தேனில் கார்பன்-13-இன் பங்கு கூடிக்கொண்டே வந்தது. 2007 முதல் மீத்தேன் மீண்டும் ஏறத் தொடங்கியபோது அந்தப் பங்கு இறங்குமுகமானது. புதிதாகச் சேரும் மீத்தேனில் பெரும்பகுதி நுண்ணுயிர்களுடையது என்பதற்கு அது வலுவான சான்று. மாடுகள், குப்பைமேடுகள், வயல்கள் என மனிதர் வளர்க்கும் நுண்ணுயிர்களும் அதில் சேர்த்தி. வெப்பமண்டலச் சதுப்புகளும் சேர்த்தி. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மீத்தேன் ஏறிய வேகம், 1980-களில் முறையான அளவீடு தொடங்கியபின் அதுவரை காணாதது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

பனிச்சதுப்பில் நம் கை எட்டாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றே: நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைத்து, அது உருகாமல் காப்பது. வயல் அப்படிப்பட்டது இல்லை. அங்கே நீரை வைப்பதும் வடிப்பதும் மனிதர்.

நீர் வடிந்து மண்ணில் காற்று புகுந்தால் மெத்தனோஜென்கள் செத்துவிடும் என்று நினைப்போம். அவை அவ்வளவு எளிதில் சாவதில்லை. பாலைவன மண்ணில்கூட இவை உறங்கிக் கிடக்கின்றன. நனைத்துக் காற்றை அடைத்தால் விழித்துக்கொள்கின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சல் வேலை செய்யும் விதம் வேறு. காற்று பட்டதும் மண்ணிலுள்ள இரும்பு மீண்டும் துருநிலைக்குத் திரும்புகிறது. சல்பைடு மீண்டும் சல்பேட்டாகிறது. முன்பந்திகளுக்கு உரியது எல்லாம் புதிதாகப் பரிமாறப்படுகிறது. அடுத்த முறை நீர் பாய்ச்சும்போது பந்தி முதலிலிருந்து தொடங்குகிறது. கடைசிப் பந்தி வருவதற்குள் மறுபடியும் காயவிட்டால், மெத்தனோஜென்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களுக்கோ ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது.

பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதை எளிய முறையாக வகுத்துத் தந்தது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் ஊன்றிவைக்க வேண்டும். உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி செய்தவர்களுக்கு இது புதிதில்லை. மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் நீர் பாய்ச்சுவதை அவர்கள் பழகியவர்கள். எப்போதும் நீர் நிற்கும் வயலோடு ஒப்பிட்டால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடத்தும் வயலில் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது. நீரும் மிச்சமாகிறது. ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது, யூரியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களும் நைட்ரேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் மாறி மாறி வேலை செய்கின்றன. அந்த மாற்றத்தில் நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும். மீத்தேனில் கிடைத்த ஆதாயத்தின் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பெரும்பாலான வயல்களில் மொத்தக் கணக்கு ஆதாயமாகவே இருக்கிறது; ஆனால் யூரியாவை அளவோடும் தவணை பிரித்தும் போடுவது இங்கே கட்டாயம். 2015-ல் இந்தியாவில் யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமாக்கப்பட்டதற்கு ஒரு பலன் இது: வேம்பு, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிக்கிறது.

வைக்கோலை எப்போது மண்ணில் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். பச்சையாக மடக்கி உழுது உடனே நீர் கட்டினால், அது கடைசிப் பந்திக்கு நேராகப் போய்ச் சேரும். ஒரு மாதத்துக்கு முன்பே சேர்த்து மக்கவிட்டாலோ, தொழுவுரமாக்கிப் போட்டாலோ, மீத்தேன் வெகுவாகக் குறைகிறது. மண்ணுக்கும் சத்து சேர்கிறது.

இன்னும் வியப்பான வழிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன. 2012-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடலடிச் சேற்றில் மின்சாரத்தைக் கடத்தும் பாக்டீரியாக்களைக் கண்டார்கள். ஆயிரக்கணக்கான செல்கள் தலையும் வாலுமாக இணைந்து சென்டிமீட்டர் நீள இழையாகி, ஆழத்திலுள்ள சல்பைடிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்து மேலேயுள்ள ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. அந்த வினையில் சல்பேட் புதிதாக உருவாகிறது. 2020-ல் நெல் வளர்த்த தொட்டி மண்ணில் ஒரே ஒரு முறை இவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். சல்பேட் பந்தி நீண்டது. மீத்தேன் 93 சதவீதம் குறைந்தது. தொட்டியில் நடந்தது வயலில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மெத்தனோஜென்களைக் கொல்லாமல், அவற்றுக்கு முன்னால் உட்காருபவர்களை வலுப்படுத்துவதே போதும் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

யார் கையில் இருக்கிறது?

நுண்ணுயிர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதில் பயனில்லை. முந்நூறு கோடி ஆண்டுகளாகச் செய்யும் வேலையைத்தான் அவை செய்கின்றன. எந்தக் கூட்டம் மேலோங்கும் என்பதைத் தீர்மானிப்பவை நீரும் காற்றும் உணவும் சூடும். இந்த நான்கில் இன்று மனிதனின் கை படாதது எதுவும் இல்லை. அதனால் விடையும் நம் கையில்தான் இருக்கிறது.

வயலில் அந்தக் கை உழவருடையது என்று சொல்லி நிறுத்திவிடுவதும் நியாயமாகாது. சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ளவர் நினைத்தபோது நீரை நிறுத்தலாம், நினைத்தபோது பாய்ச்சலாம். டெல்டாவின் கடைமடையில் இருப்பவர் நிலை வேறு. அடுத்த முறைத் தண்ணீர் என்று வரும், வருமா என்பதே தெரியாதபோது, வந்த நீரை வயலில் தேக்கிவைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வரப்பு நிறைய நிற்கும் அந்தத் தண்ணீர், பாசன நிர்வாகத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாததன் விளைவு. வாய்க்காலில் நீர் சொன்ன நாளில் வரும் என்ற உறுதி கிடைத்தால், மயிரிழை வெடிப்புக்காகக் காத்திருக்க அவர் தயங்கமாட்டார்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய பெரிய கண்டுபிடிப்புகள் இல்லை. கடைமடைவரை தூர்வாரிய வாய்க்கால், முறை தவறாத நீர்விடுகை, ஒவ்வொரு வயலுக்கும் துளையிட்ட ஒரு குழாய், நீரையும் மீத்தேனையும் மிச்சப்படுத்தியதற்கு உழவர் கைக்கு நேராகச் சேரும் ஊக்கத்தொகை. அரசும் பாசனத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் இவற்றை ஒரே வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். உருகும் பனிச்சதுப்பை நாம் கட்டுப்படுத்த முடியாது. நெல்வயலின் தண்ணீரைக் கட்டுப்படுத்த முடியும். முடிந்ததை உடனே செய்வோம். மீத்தேனுக்கு ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான், பலனும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்.